மாநகரத்தில் காகிதப்பூக் கொடி

உரையின் எழுத்து வடிவம்

மக்கள் நெருக்கம் மிகுந்த மாநகரங்களில் நிலம் சுருங்கிவிட்டது. ஆனால் பசுமையின்மீது மக்கள் கொண்ட விருப்பம் சுருங்கவில்லை. தோட்டத்திற்கு இடமில்லாத வீடுகளில் பால்கனியும் மொட்டை மாடியுமே தோட்டமாகின்றன. பரவி வளர இடமில்லாத இத்தகைய வீடுகளுக்கு, மேல்நோக்கி ஏறும் கொடிகளே பெரிதும் ஏற்றவை. ஒரு தொட்டி மண்ணில் வேரூன்றி ஒரு சுவர் முழுவதையும் அணிசெய்ய வல்லவை அவை. அத்தகைய கொடிகளுள் தமிழ்நாட்டில் காகிதப்பூ என்று வழங்கும் போகன்வில்லாவுக்குத் தனி இடம் உண்டு. வெயிலையும் வறட்சியையும் சாலைப் புழுதியையும் தாங்கி, ஆண்டில் பல மாதங்கள் வண்ணம் காட்டும் கொடி அது. அதனை வளர்க்கும் முறையையும், அந்த வளர்ப்பு ஒரு நகரத்தின் வாழ்க்கைத் தொழிலோடும் பொதுச் சுகாதாரத்தோடும் அறிவு மரபோடும் எவ்வாறு இணைந்துள்ளது என்பதையும், தென் கொல்கத்தாவிலுள்ள கரியாஹாட் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வது பயன் தரும்.

கரியாஹாட் என்னும் களம்

கரியாஹாட் சாலையும் ராஷ்பிஹாரி அவென்யூவும் குறுக்கிடும் சந்திப்பைச் சூழ்ந்த பகுதியே கரியாஹாட். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்ட் நகரின் தென்பகுதியில் அகன்ற சாலைகளையும் குடியிருப்பு மனைகளையும் அமைத்தது. இன்று ரவீந்திர சரோவர் எனப்படும் ஏரியும் அந்த முயற்சியில் உருவானதே. அக்காலத்தில் எழுந்த இரண்டு, மூன்று மாடி வீடுகள் பலவற்றில் சிறு முற்றமும் வாயிற்புறத் தோட்டமும் இருந்தன. அவ்வீடுகளில் பல இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறிவிட்டன. முற்றத்தில் நின்ற கொடி பால்கனித் தொட்டிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

கரியாஹாட்டின் மற்றொரு முகம் அதன் கடைத்தெரு. சேலை, பாத்திரம், விளையாட்டுப் பொருள் என அனைத்தும் விற்கும் நடைபாதைக் கடைகளால் புகழ்பெற்ற இடம் அது. அவற்றினிடையே பூவும் செடியும் விற்று வாழ்வோரும் உண்டு. குளிர்காலத்தில் செடி வாங்குவோர் மிகுதி. பூத்துக் குலுங்கும் ஒரு காகிதப்பூச் செடியைக் கண்டு ஒருவர் வாங்கிச் செல்கிறார். அதனை நிழலில் வைக்கிறார், நாள்தோறும் நீர் விடுகிறார், உரமும் இடுகிறார். சில மாதங்களில் செடி முழுதும் இலையாகிறது, பூ இல்லை. மழைக்காலத்தில் வேர் அழுகுகிறது. அடுத்த ஆண்டு அவர் வேறு செடி வாங்குகிறார், அல்லது செடி வளர்ப்பையே கைவிடுகிறார்.

இங்கே தவறியது செடியன்று. விற்றவரின் நேர்மையும் அன்று. செடி கைமாறியபோது அதைப் பற்றிய அறிவு கைமாறவில்லை. அது எந்த ரகம், எவ்வளவு வெயில் வேண்டும், எப்போது நீரை நிறுத்த வேண்டும் என்பவற்றை வாங்கியவர் அறியார். இவ்விடைவெளியை நிரப்புவது எப்படி என்பதே இவ்வுரையின் மையப் பொருள்.

கொடி வந்த வழி

காகிதப்பூ நம் நாட்டுக்குரிய தாவரம் அன்று. தென் அமெரிக்காவின் பிரேசில், பெரு, பொலிவியா, அர்ஜென்டினா ஆகிய நாடுகளே அதன் தாயகம். பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லூயி அந்துவான் டி போகன்வில் 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிக் கடற்பயணம் மேற்கொண்டார். அப்பயணத்தில் உடன்சென்ற தாவர அறிஞர் பிலிபெர் கொமர்சன் 1767இல் ரியோ டி ஜெனிரோவில் இக்கொடியைச் சேகரித்தார். அவருக்கு உதவியாளராக ஆணுடையில் கப்பலேறிய ழான் பாரே என்னும் பெண்மணியும் அப்பயணத்தில் தாவரங்களைத் தேடித் தொகுத்தவர். கப்பல் தலைவரின் பெயரே கொடிக்கு நிலைத்தது.

இத்தாவரம் அந்திமந்தாரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டு வரப்புகளில் தானே வளரும் மூக்கிரட்டையும் அதே குடும்பம்தான். மக்கள் பூ என்று கருதும் வண்ண இதழ்கள் உண்மையில் பூவிதழ்கள் அல்ல. அவை பூவைத் தாங்கும் பூவடிச் செதில்கள். அதாவது உருமாறிய இலைகள். பொதுவாக மூன்று செதில்கள் சேர்ந்து நிற்க, ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் வெண்மையான குழாய் போன்ற ஒரு சிறு பூ ஒட்டியிருக்கும். அதுவே மெய்யான பூ. செம்பருத்தியின் சிவப்புக்கும் காகிதப்பூவின் சிவப்புக்கும் வேதியியல் முறையில் வேறுபாடு உண்டு. காகிதப்பூவுக்கு வண்ணம் தருவது பீட்ரூட் கிழங்கில் உள்ள பீட்டாலெயின் வகை நிறமியாகும். செதில்கள் இலையின் உருமாற்றம் ஆதலால் அவை விரைவில் வாடுவதில்லை. காகிதம்போல் உலர்ந்தும் நெடுநாள் நிறம் காட்டுகின்றன.

தோட்டங்களில் வளர்க்கப்படும் ரகங்கள் பெரும்பாலும் ஸ்பெக்டபிலிஸ், கிளாப்ரா, பெருவியானா என்னும் மூன்று சிற்றினங்களிலிருந்தும் அவற்றின் கலப்பிலிருந்தும் தோன்றியவை. கலப்பினங்களுள் புகழ்மிக்கது பட்டியானா. பட் அம்மையார் என்பவர் 1910இல் கொலம்பியா நாட்டுக் கார்த்தஹீனா நகரத் தோட்டம் ஒன்றில் கருஞ்சிவப்பு நிறக் கொடியொன்றைக் கண்டு, அதனைத் டிரினிடாட் தீவுக்குக் கொண்டுசென்றார். அதுவே ‘மிஸஸ் பட்’ என்னும் ரகமாக உலகெங்கும் பரவியது. அது கிளாப்ராவும் பெருவியானாவும் கலந்து தோன்றியது என விளக்கி, 1944இல் ஹோல்ட்டம், ஸ்டாண்ட்லி என்னும் அறிஞர்கள் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினர். ஒரு தோட்டத்தில் ஒருவர் கண்ட ஒரு கொடி, உலகத் தோட்டங்களின் நிறத்தையே மாற்றியது குறிப்பிடத்தக்கது.

கொல்கத்தாவின் பங்கு

இந்தியாவில் இக்கொடி பரவியதில் கொல்கத்தாவுக்குச் சிறப்பான பங்கு உண்டு. வில்லியம் கேரி 1820இல் நிறுவிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் இன்றும் அலிப்பூரில் இயங்கி வருகிறது. கரியாஹாட்டிலிருந்து அது தொலைவில் இல்லை. அச்சங்கத்தின் செயலாளராக இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நெடுங்காலம் பணியாற்றிய சிட்னி பெர்சி லங்காஸ்டர், புதிய காகிதப்பூ ரகங்களைத் தருவித்தும் உருவாக்கியும் பரப்பியவர். பின்னாளில் அவர் லக்னோவிலும் தோட்டக்கலைப் பணியைத் தொடர்ந்தார்.

கொல்கத்தா உலகுக்கு அளித்த ரகங்களுள் ‘மேரி பாமர்’ தலைசிறந்தது. ‘மிஸஸ் எச். சி. பக்’ என்னும் ரகத்தின் செடியொன்றில், ஒரு கிளை மட்டும் தாய்ச்செடியினின்றும் மாறுபட்டது. 1949இல் அக்கிளை இனங்காணப்பட்டுத் தனி ரகமாகப் பெருக்கப்பட்டது. வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஒரே கொடியில், சில வேளை ஒரே கொத்தில், பூப்பது அதன் தனித்தன்மை. தாய் ரகத்தின் பெயரில் தமிழ்நாட்டுத் தொடர்பு ஒன்றும் உண்டு. சென்னையில் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தோற்றுவித்த ஹாரி குரோ பக் அவர்களின் துணைவியாரை நினைவூட்டும் பெயர் அது.

விடுதலைக்குப் பின் இத்துறை ஆராய்ச்சி நிலையங்களின் கவனத்தைப் பெற்றது. 1965இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்ற கோதுமை அறிஞர் பி. பி. பால், ரோஜாவிலும் கொடிகளிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். ‘இந்தியாவின் அழகிய கொடிகள்’ பற்றிய அவரது நூல் 1960இல் வெளிவந்தது. விஷ்ணு ஸ்வரூப்புடன் இணைந்து எழுதிய காகிதப்பூ நூல் 1974இல் வெளிவந்தது. காகிதப்பூ ரகங்களின் பெயர்களைப் பதிவு செய்யும் பன்னாட்டுப் பொறுப்பு புது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தில் டி. என். கோஷூவும் அவருடன் பணியாற்றியோரும் 1970களில் இக்கொடியின் குரோமோசோம்களை ஆராய்ந்தனர். கலப்பினங்கள் பல ஏன் விதை தருவதில்லை என்பதையும், குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினால் விதைதரும் ஆற்றலை மீட்கலாம் என்பதையும் அவ்வாராய்ச்சி விளக்கியது.

ஆக, ஒரு பால்கனித் தொட்டியில் நிற்கும் காகிதப்பூவின் பின்னால் இரண்டரை நூற்றாண்டு வரலாறும், நம் நாட்டு அறிவியலாரின் பல்லாண்டு உழைப்பும் இருக்கின்றன.

கிளையில் வாழும் ரகம்

நெல்லின் ரகத்தை விதையால் காக்கலாம். காகிதப்பூவின் ரகத்தை அவ்வாறு காக்க இயலாது. புகழ்பெற்ற ரகங்களுள் பல விதை தருவதே இல்லை. தருபவற்றின் விதையிலிருந்து முளைக்கும் செடியும் தாயை ஒத்திருப்பதில்லை. எனவே ஒவ்வொரு ரகமும் வெட்டப்பட்ட கிளையின் வழியாகவே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. எவரேனும் கிளையை வெட்டி நட்டுப் பெருக்காவிட்டால், கடைசிச் செடியோடு ரகமும் அழிந்துபோகும். பெருக்கியும் பெயரைக் குறித்து வைக்காவிட்டால், செடி வாழும். ரகம் அடையாளமின்றி மறையும்.

கிளை நட்டுப் பெருக்கும் முறை எளியது. பென்சில் பருமனுள்ள முதிர்ந்த தண்டை 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில், மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு வெட்ட வேண்டும். கீழ்முனையைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுவது நல்லது. வேர் விடச் செய்யும் வளர்ச்சி ஊக்கியில் கீழ்முனையைத் தோய்த்து, மணல் மிகுந்த கலவையில் நட்டு, நேர்வெயில் படாமல் ஈரப்பதத்துடன் காக்க வேண்டும். சில வாரங்களில் துளிர் தோன்றும். துளிரைக் கண்டதும் வேர் பிடித்துவிட்டது எனக் கருதிப் பிடுங்கிப் பார்ப்பது பெருந்தவறு. தண்டில் சேமித்த உணவாலேயே முதல் இலைகள் தோன்றும். வேர் அதன் பின்னரே வலுப்பெறும்.

தண்டுத் துண்டில் எளிதில் வேர் விடாத ரகங்களும் உண்டு. அடுக்குச் செதில் கொண்டவையும், இலையில் வெண்திட்டுகள் உள்ளவையும் பெரும்பாலும் இவ்வகையின. இவற்றுக்குப் பதியம் போடுதலும் விண்பதியமும், வலிய வேர்ச்செடியின்மேல் மொட்டு ஒட்டுதலும் பயன்படுகின்றன.

‘மேரி பாமர்’ போன்ற ரகங்களில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. அதன் உடலில் இருவகைத் திசுக்கள் கலந்து வாழ்கின்றன. அதனால் சில கிளைகள் முற்றிலும் வெள்ளையாகவோ, முற்றிலும் இளஞ்சிவப்பாகவோ திரும்பிவிடுவது உண்டு. இரு நிறமும் சேர்ந்து பூக்கும் கிளையிலிருந்து வெட்டினால்தான் ரகத்தின் இயல்பு தொடரும். அதன் இலைத்திட்டு வடிவமான ‘திம்மா’வில் முழுப்பச்சை இலைகளுடன் ஒரு கிளை எழுந்தால், அதை உடனே அடியோடு நீக்க வேண்டும். பச்சையம் மிகுந்த கிளை விரைந்து வளர்ந்து, திட்டுள்ள கிளைகளை அமுக்கிவிடும். செடியை உற்று நோக்கும் பழக்கம் இல்லாதவர் கையில், அரிய ரகம் சில ஆண்டுகளிலேயே சாதாரணச் செடியாகிவிடும்.

மிகுதியே பகை

காகிதப்பூ வளர்ப்பில் செய்யப்படும் தவறுகளில் பெரும்பாலானவை பற்றாக்குறையால் நேர்வன அல்ல, மிகுதியால் நேர்வன.

முதலாவது வெளிச்சம். இதில் மட்டும் மிகுதி தீங்கு செய்யாது. நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மணி நேரமாவது நேர்வெயில் பட வேண்டும். குளிர்காலத்தில் சூரியன் தென்திசையில் சாய்ந்து செல்வதால், வடக்கு நோக்கிய பால்கனிகளில் வெயில் படுவதே இல்லை. அக்காலமே கொல்கத்தாவில் கொடி பூக்கத் தொடங்கும் காலம். ஆகவே தெற்கோ மேற்கோ நோக்கிய இடமும், மறைப்பில்லாத மொட்டை மாடியும் ஏற்றவை. எதிரே புதிய கட்டடம் எழுந்து வெயிலை மறைத்துவிட்டால், உரத்தால் அக்குறையை ஈடுசெய்ய இயலாது. அத்தகைய வீட்டுக்கு வேறு கொடியைத் தேர்வதே அறிவுடைமை.

இரண்டாவது மண்ணும் தொட்டியும். கங்கைச் சமவெளியின் வண்டல் வளமானது. ஆனால் தொட்டியில் இறுகி நீரைப் பிடித்துக்கொள்ளும். தோட்ட மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு எனக் கலப்பது நல்லது. வடிதுளையின்மேல் ஓட்டுச்சில்லுகளை இட வேண்டும். பத்து அல்லது பன்னிரண்டு அங்குலத் தொட்டியே போதும். வேர் சற்று நெருக்கமுற்ற செடி நன்கு பூக்கும்; பெரிய தொட்டியில் வைத்த இளஞ்செடி இலையையே பெருக்கும். இதன் வேர் எளிதில் அறுபடுவது. தொட்டி மாற்றும்போது வேர்மண் உதிராமல் அப்படியே எடுத்து வைக்க வேண்டும்.

மூன்றாவது நீர். கொல்கத்தாவின் ஆண்டு மழையளவு 1,600 மில்லிமீட்டருக்கும் மேற்பட்டது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் பெய்கிறது. அம்மாதங்களில் நீர் விடுவதைவிட நீர் வடிவதைக் கவனிப்பதே முக்கியம். தொட்டியைத் தரையில் படிய வைக்காமல் செங்கற்களின்மேல் உயர்த்தி வைத்தால் துளை அடைபடாது. மழை ஓய்ந்தபின், மேல்மண் நன்கு காய்ந்த பிறகே நீர் விட வேண்டும். இலை சிறிது துவளும் வரை காத்திருந்து நீர் விடும் முறையைக் குளிர்காலத் தொடக்கத்தில் சில முறை கையாண்டால், செடி இலை வளர்ச்சியை நிறுத்தி மொட்டு விடத் தொடங்கும். பகற்பொழுது குறுகிய, மழையற்ற நாட்கள் இதற்குத் துணைசெய்கின்றன. ஆனால் துவள விடுதல் வேறு, உலர விடுதல் வேறு. முற்றும் உலர்ந்த செடி இலையோடு மொட்டையும் உதிர்த்துவிடும்.

நான்காவது உரம். வங்காளத்தில் வீட்டுச் செடிகளுக்குக் கடுகுப் பிண்ணாக்கைச் சில நாட்கள் ஊறவைத்து, நீர் கலந்து ஊற்றும் வழக்கம் பரவலானது. தமிழ்நாட்டில் கடலைப் பிண்ணாக்கும் வேப்பம் பிண்ணாக்கும் இவ்வாறே பயன்படுகின்றன. தழைச்சத்து மிகுந்த இவ்வுரம் அளவோடு நன்மை செய்யும். மிகுந்தால் கொடி நீண்டு இலை தழைக்கும், பூ குறையும். கவாத்து செய்தபின் துளிர் எழும் காலத்தில் ஓரிரு முறை இட்டு, மொட்டு தோன்றும் காலத்தில் நிறுத்திவிட வேண்டும். எலும்புத் தூளும் மரச்சாம்பலும் சிறிதளவு சேர்ப்பது பூப்புக்கு உதவும்.

ஐந்தாவது கவாத்து. காகிதப்பூ புதிய துளிர்களிலேயே பூக்கும். எனவே பூத்து ஓய்ந்த கிளைகளை வெட்டிவிட்டால்தான் அடுத்த பூப்பு மிகும். கோடைப் பூப்பு முடிந்ததும் காய்ந்த, நோயுற்ற, உள்நோக்கி வளர்ந்த கிளைகளை நீக்க வேண்டும். மழை ஓய்ந்தபின், நீண்டோடிய கிளைகளைக் குறைத்து வடிவமைக்க வேண்டும். செடியை இழந்துவிடுவோமோ என்று அஞ்சிக் கத்தரிக்காமல் விடுவோரின் கொடி உச்சியில் மட்டும் பூத்து, அடியில் வெறுங்கொம்பாக நிற்கும். வெட்டிய கிளைகளை எறியாமல் நடுவதற்குப் பயன்படுத்தினால் கவாத்துக் காலமே பெருக்கக் காலமும் ஆகும்.

இக்கொடிக்குப் பற்றுக்கம்பிகள் இல்லை. வளைந்த முட்களால் பிறவற்றைப் பற்றியே ஏறுகிறது. ஆதலால் கம்பியிலோ சட்டத்திலோ மென்கயிற்றால் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். முட்கள் வழிச்செல்வோர் மீது படாதவாறு தெருப்பக்கக் கிளைகளைக் குறைப்பது வளர்ப்பவரின் கடமை. மாவுப்பூச்சியும் அசுவினியும் தோன்றினால் முதலில் நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, பின்னர் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்தால் போதும்.

வீடும் வீதியும்

பால்கனியில் வைக்கும் தொட்டி வீட்டுக்குள் அடங்கிய செய்தியன்று. அது தெருவையும் அண்டை வீட்டையும் பாதிக்கும். ஈர மண் நிறைந்த பன்னிரண்டு அங்குலத் தொட்டி 20 கிலோவுக்குக் குறையாது. சித்திரை, வைகாசி மாதங்களில் கொல்கத்தாவைத் தாக்கும் காலபைசாகிப் புயற்காற்றில், கைப்பிடிச் சுவர்மேல் கட்டாமல் வைத்த தொட்டி பேராபத்து விளைவிக்கும். 2020ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் வீசிய அம்பன் புயலில் நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கொடி படர்ந்த சட்டங்கள் காற்றைத் தடுத்து நிற்கும் பாய்போல் ஆகிவிடுவதால், அவற்றைச் சுவரோடு உறுதியாகப் பிணைப்பதும், காற்றுக் காலத்திற்கு முன் கிளைகளைக் குறைப்பதும் இன்றியமையாதன. பழைய கட்டடங்களில் தொட்டிகளை ஒரே இடத்தில் குவிக்காமல் சுவரோரமாகப் பரப்பி வைக்க வேண்டும்.

இதனினும் முக்கியமானது டெங்குக் காய்ச்சல். அதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த, தேங்கிய நீரில் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாக மாற ஏறத்தாழ 8 முதல் 10 நாட்களே போதும். பூந்தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீர் அதற்குத் தகுந்த இடம். காகிதப்பூவுக்கு அடித்தட்டு நீர் தேவையே இல்லை. அது வேருக்கும் கேடு. எனவே அடித்தட்டை நீக்குவது செடிக்கும் நன்மை, வீட்டாருக்கும் நன்மை. நீக்க முடியாத இடங்களில் வாரம் ஒருமுறையாவது தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். மாநகராட்சிப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று கூறும் அறிவுரையும் இதுவே. நல்ல வளர்ப்பு முறையும் நல்ல சுகாதாரமும் இங்கே ஒன்றாகின்றன.

பெயர் தொலைந்தால் என்ன?

செடி பூத்தால் போதாதா, பெயர் எதற்கு என்று கேட்போர் உண்டு. வங்காளத்திலேயே இதற்கு விடை கிடைக்கிறது. மாதவி என்பது இந்நாட்டுக்குரிய ஒரு கொடி. நறுமணமுள்ள வெண்பூவும், மூன்று சிறகுடைய கனியும் கொண்டது. தமிழில் அதன் பெயர் குருக்கத்தி. குறிஞ்சிப்பாட்டு வரிசைப்படுத்தும் மலர்களுள் அதுவும் ஒன்று. ஆனால் இன்று கொல்கத்தாவில் பலர் மாதவிலதை என்று சுட்டுவது, சிவப்பும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும் ரங்கூன் மல்லியையே. அந்த ரங்கூன் மல்லிக்கு ரவீந்திரநாத தாகூர் மதுமஞ்சரி எனத் தனிப் பெயர் சூட்டியிருந்தார். சாந்திநிகேதனில் தம் நண்பர் பியர்சன் நட்ட நீலப் பூங்கொடிக்கு நீலமணிலதை எனப் பெயரிட்டவரும் அவரே. பெயரில்லாத கொடிக்கு நாட்டு மொழியில் பெயர் வேண்டும் என்று அவர் கருதினார்.

பெயர் இடம் மாறியதன் விளைவு என்ன? மாதவிக் கொடி வேண்டும் என்று கேட்பவருக்கு ரங்கூன் மல்லியே கிடைக்கிறது. மெய்யான மாதவியைக் கேட்பார் குறைகின்றனர். கேட்பார் இல்லாத செடியை நாற்றுப்பண்ணையார் பெருக்குவதில்லை. பெருக்காத செடி கண்ணிலிருந்து மறைகிறது. பெயர் தவறினால் தாவரமே தவறிப்போகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. காகிதப்பூவின் ரகங்களுக்கும் இதே நிலை நேரக்கூடும். ‘சிவப்பு’, ‘வெள்ளை’, ‘இரட்டை நிறம்’ என்று மட்டும் சொல்லி விற்கப்படும் செடிகளுள், இந்நகரத்திலேயே தோன்றிய ரகமும் பெயரிழந்து நிற்கலாம்.

செய்யத்தக்கவை

இதற்குப் பெருஞ்செலவுத் திட்டம் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு செடியிலும் ஒரு சிறு அட்டை கட்டப்பட்டால் போதும். அதில் ரகத்தின் பெயரும், நான்கு குறிப்புகளும் இடம்பெற வேண்டும்: முழு வெயில் வேண்டும், மேல்மண் காய்ந்தபின் நீர் விடுக, பூத்தபின் கத்தரிக்க, அடித்தட்டில் நீர் தேங்க விடாதீர். வங்க மொழியில் எழுதிய இந்த அட்டை, வாங்குவோரின் ஐயங்களில் பெரும்பாலானவற்றைத் தீர்க்கும்.

இப்பணியில் பலருக்கும் பங்கு உண்டு. நாற்றுப்பண்ணையார் தாய்ச்செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைத்து, தனித்தனியே கிளை வெட்ட வேண்டும். நடைபாதையில் செடி விற்போரை இடையூறாகக் கருதும் போக்கு மாற வேண்டும். 1996இல் கரியாஹாட் உள்ளிட்ட இடங்களிலிருந்து நடைபாதை வணிகர்கள் அகற்றப்பட்டதை அப்பகுதி மறக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம் அவர்களது வாழ்வாதாரத்தைக் காக்கவும் ஒழுங்குபடுத்தவும் வழிசெய்தது. உரிமம் வழங்கும் அமைப்புகள் செடி விற்போருக்கு ஒருநாள் பயிற்சியும் அளிக்கலாம். கிளை நடுதல், மொட்டு ஒட்டுதல் ஆகியவற்றைக் கற்ற வணிகர், செடியை வாங்கி விற்பவராக மட்டும் இராமல், தாமே பெருக்கி விற்பவராக உயர முடியும். அவருடைய வருவாயில் அது தெளிவான மாற்றத்தை உண்டாக்கும்.

கல்லூரித் தாவரவியல் மாணவர்களுக்கு இது அருமையான களப்பணி. தங்கள் தெருவிலுள்ள கொடிகளைப் பார்வையிட்டு, செதிலின் நிறம், இலையின் அமைப்பு, முள்ளின் வடிவம், பூக்கும் மாதம் ஆகியவற்றைக் குறித்து, நூல்களோடும் சங்கத் தோட்டத்தின் தொகுப்போடும் ஒப்பிட்டால், ஒரு பகுதியின் ரகப் பட்டியலை உருவாக்கலாம். இடிக்கப்படவிருக்கும் பழைய வீட்டின் வாயிலில் நிற்கும் கொடியிலிருந்து உரியவரின் இசைவுடன் நான்கு கிளைகளை வெட்டி நடுவது அரிய ரகம் ஒன்றைக் காப்பதாகவும் அமையலாம்.

நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளில் எதிர்வரும் ஊர்திகளின் விளக்கொளியை மறைக்கவும், வறண்ட இடத்தைப் பசுமையாக்கவும் இக்கொடி புதராகக் கத்தரித்து வளர்க்கப்படுகிறது. சாலைத் துறையினரும் மாநகராட்சியினரும் செடிகளை எண்ணிக்கையால் மட்டும் வாங்காமல், ரகப் பெயர் குறித்து வாங்கினால், நாற்றுப்பண்ணைகளும் பெயரைக் காக்கும். ஒரே ரகத்தை மைல்கணக்கில் நடுவதைத் தவிர்த்துப் பல ரகங்களைக் கலந்து நடுவதால், பொதுச் சாலையே ரகங்களின் காப்பகமாகும்.

வளர்ச்சி என்பது எப்போதும் புதிய பொருளைக் கொண்டுவருவதில் மட்டும் அடங்குவதன்று. இருக்கும் பொருளை அறிந்து, பெயரிட்டு, பேணி, அடுத்தவர் கையில் ஒப்படைப்பதும் வளர்ச்சியே. காகிதப்பூ மிகுந்த நீரையும் மிகுந்த உரத்தையும் கேட்பதில்லை. வெயிலையும், உரிய காலத்தில் ஒரு வெட்டையும், ஒரு பெயரையும் மட்டுமே வேண்டுகிறது. கரியாஹாட்டின் நடைபாதையில் செடி ஒன்று கைமாறும்போது அப்பெயரும் அந்நான்கு குறிப்புகளும் உடன் செல்லுமானால், வாங்கியவர் வீட்டில் கொடி பூக்கும், விற்றவரின் தொழில் நிலைக்கும், 1949இல் ஒரு கிளையை உற்று நோக்கியவரின் உழைப்பும் வீணாகாது.